இறகு உதிர்க்கும் பட்ஜிக்கு டானிக் தேவையில்லை, தட்டைக் கவனியுங்கள்

நான்கு மாத பட்ஜி (கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி) ஜோடி. ஒரு வாரமாகக் கூண்டின் அடித்தட்டு முழுக்க இறகு. ஆண் பறவையின் தலையில் குச்சி குச்சியாக ஏதோ நிற்கிறது, கையில் வர மறுக்கிறது, பகலிலும் கண்ணை மூடிக்கொள்கிறது. கடையில் தண்ணீரில் கலக்க ஒரு இறகு டானிக்கும், கழுத்தில் விட ஒரு உண்ணி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு இரண்டையும் மூடி வையுங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் பட்ஜியின் முதல் இறகு மாற்றத்தின் அடையாளங்கள். மூன்று, நான்கு மாதத்தில் எல்லாக் குஞ்சும் இதைக் கடந்துதான் வரும். உறுதி செய்துகொள்ள நெற்றியைப் பாருங்கள். குஞ்சாக இருந்தபோது அலகு வரை இறங்கியிருந்த கறுப்புக் கோடுகள் மெல்லப் பின்வாங்கி, நெற்றி ஒரே நிறமாகிக்கொண்டு வரும். தொண்டையில் ஒழுங்கற்றுக் கிடந்த கறுப்புத் திட்டுகள் வட்டப் பொட்டுகளாகும். முழுக் கறுப்பாக இருந்த கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியத் தொடங்கும். அது முழுதாகத் தெளிய இன்னும் சில மாதம் ஆகும். முழு மஞ்சளான லுட்டினோ, முழு வெள்ளையான அல்பினோ வகைகளில் கோடே தெரியாது என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

இதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நன்றாக உதிர்க்கும். இடையிலும் நாளுக்கு ஒன்றிரண்டு சின்ன இறகு விழுந்துகொண்டே இருக்கும், அது கணக்கில்லை. ஒரு முழுச் சுற்று இரண்டு மூன்று வாரத்தில் முடியலாம், ஆறு எட்டு வாரம் இழுக்கவும் செய்யலாம். நம் ஊரில் பருவங்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை. போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரி பத்து மணி வரை டியூப்லைட் எரிகிறது. அதனால் கூண்டுப் பறவை எந்த மாதத்திலும் உதிர்க்கத் தொடங்கலாம்.

உதிர்வதில் ஒரு ஒழுங்கு உண்டு. வாத்து தன் பறக்கும் சிறகுகளை ஒரே சமயத்தில் கொட்டிவிட்டுச் சில வாரம் தரையிலேயே கிடக்கும். பட்ஜிக்கு அந்த வசதி கிடையாது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், மழை பெய்த இடத்தைத் தேடி எந்த நேரமும் கிளம்ப வேண்டிய பறவை அது. அதனால் ஒவ்வொரு இறக்கையிலும் உள்ள பத்து முதன்மைச் சிறகுகளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு விழும். மறுபக்கத்திலும் அநேகமாக அதே இடத்துச் சிறகு விழும். அது வளர்ந்து வரும்போது அடுத்தது. ஒரு பெரிய சிறகு முழு நீளத்துக்கு வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். ஆகவே இறகு எவ்வளவு கொட்டினாலும் தோல் வெளியே தெரியக் கூடாது, பறப்பதும் நின்றுவிடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தப்பினால் அது வெறும் இறகு மாற்றம் இல்லை.

தலையில் நிற்கும் அந்தக் குச்சிகள்தான் முள் இறகு. புது இறகு ஒரு மெல்லிய உறைக்குள் சுருட்டப்பட்டு வெளியே வருகிறது. பார்வைக்கு ஷூ லேஸின் நுனி போல இருக்கும். உறை காய்ந்து வெள்ளையானதும் பறவை அதை அலகால் நெருடி உடைக்கும், உள்ளே இருக்கும் இறகு விரியும். கூண்டில் தவிடு மாதிரி வெள்ளைத் தூள் படிவது இந்த உறைகளின் துணுக்குகள்தான். பேன் முட்டையோ பூஞ்சையோ அல்ல. உடம்பில் எல்லா இடத்துக்கும் அலகு எட்டும், தலைக்கும் கழுத்தின் பின்புறத்துக்கும் எட்டாது. ஜோடி இருந்தால் அது கோதிவிடும். தனியாக இருக்கும் பறவை கம்பியிலும் கிளையிலும் தலையைத் தேய்க்கும்.

அதற்காக நாம் விரலை நீட்டிவிடக் கூடாது. வளரும் இறகின் அடித்தண்டில் ரத்தம் ஓடுகிறது. அங்கே நரம்பும் உண்டு. அடிப்பகுதி கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் அது இன்னும் உயிருள்ள இறகு, தொட்டாலே வலிக்கும். நன்றாகப் பழகிய பறவை தானாகத் தலையைக் குனிந்து காட்டினால் மட்டும், முழுக்க வெளுத்துக் காய்ந்த உறையை இரண்டு விரல் நுனிக்கு நடுவே மெல்ல உருட்டிவிடலாம். பறவை கத்தினாலோ விலகினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கையில் வர மறுக்கிறது என்று நீங்கள் வருத்தப்படுவதற்கும் காரணம் இதுதான். உடம்பெல்லாம் முளைத்துக்கொண்டிருக்கும்போது பிடித்துத் தடவினால் யாருக்குத்தான் பிடிக்கும்? இந்த வாரங்களில் பழக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள்.

இனி சாப்பாடு. உண்மையில் இங்கேதான் நாம் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. இறகு ஏறக்குறைய முழுதும் புரதம், அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைந்த கெரட்டின். முப்பத்தைந்து கிராம் எடையுள்ள ஒரு பறவை சில வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான இறகுகளைப் புதிதாக நெய்ய வேண்டும். தட்டில் இருப்பதோ தினையும் கம்பும். தினையில் சுமார் 11-12 சதவீதம் புரதம் இருந்தாலும் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியமும் போதாது. சாதாரண நாளில் இதை வைத்து ஒப்பேற்றிவிடும். இறகு முளைக்கும் நாளில்தான் குறை வெளியே தெரியும். புது இறகில் குறுக்கே மெல்லிய கோடு விழுந்து, அந்த இடத்திலேயே இறகு ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதி வளர்ந்த நாட்களில் பறவைக்குச் சத்துக் குறைவோ நோயோ பயமோ இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

முட்டைதான் மலிவான, நம்பகமான மருந்து. ஒரு கோழிமுட்டையைக் கொதித்த பிறகு 12 நிமிடமாவது வேகவிடுங்கள். மஞ்சள் கரு, வெள்ளை இரண்டையும் முள்கரண்டியால் மசித்து, மூன்று மேசைக்கரண்டி பொடித்த ரஸ்க், ஒரு மேசைக்கரண்டி துருவிய கேரட் சேர்த்துப் பிசறினால் உதிரியாக வர வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், இன்னும் கொஞ்சம் ரஸ்க் போடுங்கள். உப்பு, பால், சர்க்கரை எதுவும் வேண்டாம். பறவைக்கு ஒரு டீஸ்பூன், வாரத்தில் மூன்று நாள். உதிர்வு கடுமையாக இருக்கும் இரண்டு வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். சென்னை வெயிலில் மதியம் வரை கிடக்கும் முட்டை இறகு வளர்க்காது, வயிற்றுப்போக்கைத்தான் வளர்க்கும். மிச்சக் கலவை ஃபிரிட்ஜில் ஒருநாள் தாங்கும். கொடுக்கும் முன் குளிர்ச்சி போகட்டும்.

முதல் நாள் ஒரு பறவையும் அதைச் சீண்டாது. பட்ஜிக்குப் புதிய சாப்பாடு என்றாலே சந்தேகம்தான். காலையில் தானியக் கிண்ணத்தை வைப்பதற்கு அரை மணி முன்பு முட்டையை வையுங்கள், மேலே ஒரு சிட்டிகை தினை தூவுங்கள். தினையைப் பொறுக்கப் போய் முட்டையைக் கொத்திப் பார்க்கும். இதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்காகத் தானியத்தை நாள் முழுக்க எடுத்துவிட்டுப் பட்டினி போடுகிற வழியைச் சிலர் சொல்வார்கள். இவ்வளவு சின்ன உடம்பில் அது ஆபத்து.

முட்டை வேண்டாம் என்கிற வீட்டில் முளைகட்டிய பாசிப்பயறு. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி, நாளுக்கு மூன்று முறை அலசுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் கொடுத்துவிட வேண்டும். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், அலசிப் பார்க்காதீர்கள். தினையையும் இப்படி முளைகட்டலாம். கீரையில் முருங்கைக்கு நிகர் இல்லை: வைட்டமின் ஏவும் கால்சியமும் சேர்ந்து கிடைக்கும், காம்போடு ஒரு ஈர்க்கைக் கம்பியில் செருகிவிட்டால் தொங்கிக்கொண்டே தின்னும். கொத்தமல்லி, வெந்தயக் கீரையும் ஆகும். பாலக் எப்போதாவது போதும், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கீரையானாலும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள், பூச்சிமருந்து படிந்திருக்கலாம். அவகாடோ, சாக்லேட், காபி, டீ எந்தக் காலத்திலும் கூடாது. இறகு பளபளக்கும் என்று சூரியகாந்தி விதையை அள்ளிப் போடுவதும் வேண்டாம், கூண்டுப் பறவையின் ஈரலில் கொழுப்புப் படிவதுதான் மிச்சம்.

கடல்நுரை என்று கடைகளில் கிடைக்கும் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும், மென்மையான பக்கம் பறவையைப் பார்த்து இருக்க வேண்டும். வெறும் தானியத்தில் வளரும் பட்ஜிக்கு அயோடின் குறைவும் வருவதுண்டு. தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்த, மூச்சு விடும்போது கீச்சிடும் சத்தம் கேட்கும். பறவைகளுக்கான அயோடின் கட்டி ஒன்று மாட்டிவைத்தால் போதும்.

தானியம் பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன். கிண்ணம் நிரம்பியிருக்கிறது என்று நம்பி ஏமாறாதீர்கள். பட்ஜி உமியை உரித்து அதே கிண்ணத்தில் போடும். மேலே இருப்பது எல்லாம் வெறும் உமியாக இருக்க, அடியில் பறவை பட்டினி கிடக்கும். காலை மாலை இரண்டு வேளையும் ஊதிப் பாருங்கள். வழக்கத்தைவிட அதிகம் தின்னும் காலம் என்பதால் இந்தத் தவறு இப்போதுதான் பெரிதாகக் கடிக்கும்.

டானிக்குக்கு வருவோம். பட்ஜி நாளைக்குச் சில மில்லி தண்ணீர்தான் குடிக்கும். வெயில் நாளில் கூடும், கீரை தின்ற நாளில் குறையும். அப்படியிருக்க, தண்ணீரில் கலந்த வைட்டமின் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வெளிச்சத்திலும் சூட்டிலும் அது சில மணி நேரத்தில் கெடும், இனிப்புச் சேர்த்த டானிக்கானால் தண்ணீரில் கிருமி பெருகும், சுவை மாறினால் பறவை குடிப்பதையே குறைத்துவிடும். வைட்டமின் கொடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அவர் சொன்ன அளவை முட்டைக் கலவையில் பிசறிக் கொடுங்கள். உண்ணி மருந்து என்று சின்னக் குப்பியில் தருவது பெரும்பாலும் ஐவர்மெக்டின். 35 கிராம் பறவைக்கு ஒரு சொட்டு கூடினாலே விஷம். உண்ணி இருக்கிறது என்று ஒருவர் பார்த்து உறுதி செய்யாமல் விடக் கூடாது. அதேபோல, இறகு கொட்டுகிறது என்று டெட்ராசைக்ளின் பொடியைத் தண்ணீரில் கலக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. இறகு மாற்றத்துக்கு ஆன்டிபயாடிக் ஒரு துளிகூட உதவாது.

தேங்காய் எண்ணெய் தடவுவதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அரிப்பு என்று பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் கை போவது அந்தப் பாட்டிலுக்குத்தான். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூட்டைத் தாங்கி நிறுத்தும் காற்றிடைவெளி போய்விடும், பறவை கோதும்போது எண்ணெய் முழுக்க வயிற்றுக்குள் போகும். அரிப்புக்கு வெறும் தண்ணீர்தான் மருந்து. ஈரம் பட்டால் உறை இளகும். காலை ஒன்பது பத்து மணிக்கு, தட்டையான மண் தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் வையுங்கள். இறங்கத் தயங்கும் பறவைக்கு நனைத்த கொத்தமல்லிக் கட்டைக் கம்பியில் கட்டிவிடுங்கள், அதன்மேல் உரசி உரசிக் குளித்துக்கொள்ளும். ஸ்பிரேயர் என்றால் தலைக்கு மேலே மழைத்தூறலாக விழட்டும், முகத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். சோப்பு, மஞ்சள் தண்ணீர், டெட்டால் எதுவும் தேவையில்லை. இருட்டுவதற்கு வெகு முன்பே உலர்ந்துவிட வேண்டும் என்பதால் மாலைக் குளியல் கிடையாது.

உட்காரும் குச்சி பிளாஸ்டிக்காகவோ வழவழப்பான மரமாகவோ இருந்தால் எடுத்துவிட்டு, கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளை, மருந்து தெளிக்காத மரத்திலிருந்து, கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் கனம், ஒரே சீராக இல்லாமல். தலையைத் தேய்க்கவும் அலகைத் தீட்டவும் பட்டை வேண்டும்.

தூக்கம் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம், இருட்டில். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் தொங்கும் கூண்டுக்கு இது கிடைக்காது. ஏழு, எட்டு மணிக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள், அல்லது மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடுங்கள். பாதி உடுப்போடு இருக்கும் பறவைக்கு ஏசி காற்று நேராகப் படக் கூடாது. சென்னை, மதுரையில் தனியாகச் சூடு காட்டத் தேவையே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பரில் ராத்திரி மூடிவைக்க வேண்டும். பல்லியோ எலியோ ராத்திரி கூண்டில் ஓடினால் பறவை பதறிச் சிறகடிக்கும், புதுச் சிறகுகள் கம்பியில் மோதி ஒடியும். மெல்லிய இரவு விளக்கு ஒன்று அந்த மூலையில் இருந்தால் பதற்றம் சீக்கிரம் அடங்கும்.

அப்படி ஒடிந்தால் ரத்தம் வரும். குழாய் போன்ற தண்டு ரத்தத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் சின்னக் காயம்போல் தானாக நிற்காமலும் போகலாம். 35 கிராம் பறவையின் உடம்பில் மொத்தமே மூன்று மூன்றரை மில்லி ரத்தம். ஆறேழு சொட்டு வரை ஆரோக்கியமான பறவை தாங்கிவிடும், அதற்கு மேல் அவசரம். பறவையை மெல்லிய துணியில் எடுத்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து வருமாறு பிடியுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது: பறவைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. ஒடிந்த நுனியில் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) அப்பி, சுத்தமான பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள், உறைந்தது பெயர்ந்துவிடும். காபித்தூள் போடுவது வேண்டாம். தண்டைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று சொல்வார்கள். பிடுங்கிய குழியிலிருந்தே ரத்தம் கொட்டவும் வாய்ப்பு உண்டு, அந்த இடத்தில் இனி இறகு கோணலாக முளைக்கவும் வாய்ப்பு உண்டு. நிற்கவில்லையென்றால் மருத்துவர் பிடுங்கட்டும். நின்றுவிட்டால் பறவையைச் சின்னக் கூண்டில், மங்கிய வெளிச்சத்தில், அன்று முழுவதும் சும்மா விடுங்கள்.

நோயையும் இறகு மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு சமையலறைத் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன், அதன்மேல் குச்சி வைத்து நிறுத்துங்கள். ஒரு கிராம் ஏறி இறங்குவது சகஜம். பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று நான்கு கிராம் இறங்கினால் காத்திருக்க வேண்டாம். இறகு மாற்றத்தில் இருக்கும் பறவை மந்தமாக இருக்கும், ஆனால் தின்னும். தூங்கும், ஆனால் ஒற்றைக்காலில், குச்சியின் மேல். இரண்டு காலையும் ஊன்றி உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, எச்சம் தண்ணீராகவோ முழுப் பச்சையாகவோ இருந்தாலோ அது நோய். பட்ஜி முடிந்தவரை நோயை மறைக்கும், நமக்குத் தெரியும்போது ஏற்கெனவே தாமதம்.

வழுக்கை விழுந்தால் இடத்தைப் பாருங்கள். தலையிலும் பிடரியிலும் மட்டும் என்றால், அதன் அலகு அங்கே எட்டாது, ஜோடிதான் பிடுங்குகிறது; பிரித்து வையுங்கள். நெஞ்சிலும் இறக்கைக்கடியிலும் என்றால் தானே பிடுங்குகிறது. அலகின் ஓரத்திலும் காலிலும் தேன்கூடு போல் சாம்பல் நிறப் பொருக்கு என்றால் செதில் உண்ணி, ஐவர்மெக்டினுக்கு உண்மையான வேலை அங்கேதான், அதுவும் மருத்துவர் கையால். கூட்டைவிட்டு இறங்கும் வயதுக் குஞ்சுகளில் இறக்கைச் சிறகும் வாலும் மட்டும் கொட்டி, பறக்காமல் தரையில் ஓடிக்கொண்டே இருந்தால் பிரெஞ்சு மோல்ட் என்கிற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பாலியோமா, சர்க்கோ என்ற இரண்டு வைரஸும் இதைச் செய்யும். மருந்து கிடையாது. அந்தக் குஞ்சுகளைத் தனியாக்கி, குஞ்சு எடுப்பதைச் சில மாதம் நிறுத்தி, முட்டையிடக் கட்டிய பானைகளை உடைத்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பறவைகளைப் பார்க்கிறார்கள். போகும்போது அன்றைய எச்சம் படிந்த காகிதத்தையும் உதிர்ந்த இறகு நாலைந்தையும் கொண்டு போங்கள்.

கூண்டில் பானை கட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். நான்கு மாதம் முட்டைக்கு உரிய வயதே இல்லை. இறகுக்கும் முட்டைக்கும் ஒரே சமயத்தில் புரதமும் கால்சியமும் ஈடுகொடுக்க ஒரு பெட்டையாலும் முடியாது. ஒரு வயதாகி, முள் இறகு ஒன்றுகூட மிச்சமில்லாமல், எடையும் பழைய நிலைக்கு வந்த பிறகு பானையைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. கடையிலிருந்து வரும் பட்ஜிகளில் பலவற்றுக்குச் சிறகு வெட்டியிருப்பார்கள். வெட்டிய சிறகுகள் இந்த உதிர்வில்தான் விழுந்து முழுச் சிறகு முளைக்கும். பக்கத்துச் சிறகுகளின் அணைப்பு இல்லாமல் தனியாக நீண்டு வரும் அந்தப் புதுச் சிறகு எளிதில் ஒடியும் என்பதால் வெளியே விடும்போது குதிக்கும் உயரத்தைக் குறையுங்கள். நேற்று வரை சோபாவைத் தாண்டாத பறவை ஒருநாள் திடீரென்று மேலே எழும்பும். கூண்டைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்தி, அதன் இறக்கைகள் முழுதாக நின்றுவிட்டனவா என்று பாருங்கள். ஜன்னலுக்கு வலை, சமையலறைக்குக் கதவு.